கிளாரினெட்டுக்குப் புது ரீட்: ஊதிப் பார்த்து ஒப்பிடுவது எப்படி

கிளாரினெட் கற்கத் தொடங்கிய வருடம் நான் வாங்கிய முதல் பெட்டியில் பத்து ரீடுகள் இருந்தன. ரீட் என்பது ஊதும்போது அதிர்ந்து சத்தம் எழுப்பும் மெல்லிய நாணல் துண்டு. அன்று மாலையே பத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி ஊதினேன். மூன்று நன்றாக இருக்கின்றன, ஏழு சரியில்லை என்று முடிவு கட்டி, ஏழையும் ஒரு டப்பாவில் போட்டு ஒதுக்கிவிட்டேன். ஆறு மாதம் கழித்து, கையில் நல்ல ரீட் எதுவும் இல்லாத ஒரு நாளில் அந்த டப்பாவைத் திறந்தேன். ஏழில் நான்கு அருமையாகப் பேசின. முதல் நாள் நான் தேர்ந்தெடுத்த மூன்றில் இரண்டோ பத்து நாளிலேயே தொய்ந்துபோயிருந்தன.

புதிதாகக் கற்கும் பலர் இன்றும் இதையேதான் செய்கிறார்கள். ஒரு பெட்டி ரீட் மலிவான பொருள் இல்லை. வீட்டில் காசு கேட்டு வாங்குகிற மாணவருக்குப் பாதிப் பெட்டியை ஒரே மாலையில் தள்ளிவிடுவது பெரிய நஷ்டம். தினம் ஏறக்குறைய அரை மணி நேரம் வீதம் ஒரு வாரம் போல ஒதுக்கினால் அந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

நாகஸ்வரக்காரர்களைக் கவனித்திருப்பீர்கள். வாத்தியத்தின் கழுத்தில் ஒரு கொத்துச் சீவாளி, அதாவது நாகஸ்வரத்தின் ரீட், தொங்கும். ஒன்றை எடுத்து ஊதிப் பார்ப்பார்கள், ஊசி விட்டுச் சரிசெய்வார்கள், மனதுக்கு ஒப்பவில்லை என்றால் அடுத்ததை எடுப்பார்கள். சீவாளி இரட்டை நாக்கு, கிளாரினெட் ரீட் ஒற்றை நாக்கு. ஆனாலும் இரண்டுமே நாணல் தட்டையில் செய்தவை. இரண்டுக்கும் அதே பொறுமை வேண்டும். திருச்சி ஏ.கே.சி. நடராஜன் நாகஸ்வரத்திலிருந்து கிளாரினெட்டுக்கு வந்தவர். அவர் வாசிப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சீவாளிக் கொத்து நினைவுக்கு வரும்.

நம்பர் எதைச் சொல்கிறது?

கிளாரினெட் ரீட், அருண்டோ டோனக்ஸ் என்ற நாணல் வகையிலிருந்து வருகிறது. பிரான்ஸின் தென்கரையில் உள்ள வார் பகுதி இதற்குப் பேர்போனது. அர்ஜென்டினாவிலும் விளைவிக்கிறார்கள். தட்டை ஒரே வருடத்தில் முழு உயரம் வளர்ந்துவிடும். ஆனால் இரண்டாம் வருடம் முற்றிய பிறகு, குளிர்காலத்தில்தான் வெட்டுவார்கள். பிறகு காயவைத்து, துண்டு போட்டு, இயந்திரத்தில் சீவுவார்கள். நுனியின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு தலைமுடியின் பருமன் அளவுதான்.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 2, 2½, 3 என்று பெட்டியில் இருக்கும் நம்பர் கனத்தைக் குறிப்பதில்லை. ஒரு வகையின் எல்லா ரீடுகளையும் ஒரே அளவில்தான் சீவுகிறார்கள். சீவிய பிறகு ஒவ்வொன்றையும் லேசாக வளைத்து, எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று அளந்து நம்பர் பிரிக்கிறார்கள். ஆகவே 2½ என்பது அந்தத் துண்டு நாணலின் விறைப்பு. ஒரே பெட்டியில் இருக்கும் பத்தும் வேறு வேறு தட்டையிலிருந்து வந்திருக்கலாம். காய்ந்த நிலையில் ஒன்றுபோல வளைந்தவை, எச்சில் ஊறியதும் தனித்தனிக் குணம் காட்டும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தேவையே இதனால்தான் வருகிறது.

கம்பெனிக்குக் கம்பெனி நம்பரும் ஒத்துப்போகாது. வாண்டோரன் 2½-இல் பழகியவர் ரிக்கோ 2½ வாங்கினால் பெரும்பாலும் மென்மையாகத் தெரியும். ரீடை மாட்டி வாயில் வைத்து ஊதும் முனையான மவுத்பீஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யமஹா 4சி போன்ற மவுத்பீஸில் நுனி இடைவெளி, அதாவது அதன் நுனிக்கும் ரீடின் நுனிக்கும் நடுவில் உள்ள சந்து, குறைவு, சுமார் 1.05 மில்லிமீட்டர். வாண்டோரன் பி45-இல் சுமார் 1.2. இடைவெளி கூடக் கூட ரீட் அதிக தூரம் வளைய வேண்டும், அதனால் அதே ரீட் அங்கே கடினமாகத் தெரியும். புதியவர் 2 அல்லது 2½-இல் தொடங்கட்டும். நம்பர் ஏறுவதைப் பரீட்சையில் தேறுவது மாதிரி நினைக்கத் தேவையில்லை. பல வருட அனுபவம் உள்ளவர்கள் 2½-லேயே நிம்மதியாக வாசிக்கிறார்கள்.

மேசையில் என்னென்ன வேண்டும்

ஒரு டம்ளர் தண்ணீர், சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்று, பால்பாயின்ட் பேனா, நோட்டு, கைபேசி. இவற்றோடு மிக முக்கியமாக, நீங்கள் ஏற்கெனவே நன்கு அறிந்த ஒரு பழைய ரீட். புதிய பத்தையும் ஒன்றோடொன்று மட்டும் ஒப்பிட்டால் காது சீக்கிரம் குழம்பிவிடும். ஒவ்வொரு நாளும் முதலில் பழைய ரீடில் இரண்டு நிமிடம் வாசியுங்கள். அதுவே உங்கள் அளவுகோல். பழைய ரீடே இன்று மந்தமாக இருந்தால், குறை காற்றிலோ உங்கள் உதட்டிலோ இருக்கிறது. அன்று புது ரீடுகளைப் பற்றி எதுவும் முடிவு செய்ய வேண்டாம்.

செயற்கை ரீட் வைத்திருப்பவர்கள் அதையே அளவுகோலாக்கலாம். கனடாவில் தயாராகும் லெஜேர் போன்றவை ஈரத்துக்கு ஊறுவதில்லை, காய்வதில்லை. திங்கள்கிழமை எப்படியோ வெள்ளிக்கிழமையும் ஏறக்குறைய அப்படியே. நான் மேடையில் நாணல் ரீடில்தான் வாசிக்கிறேன். ஆனால் ஒப்பிடும் வாரத்தில் செயற்கை ரீட் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கும்.

ஊதும் முன் கண்ணால் பாருங்கள்

ஒவ்வொரு ரீடின் அடியிலும், பட்டை இருக்கும் பளபளப்பான பக்கத்தில், 1 முதல் 10 வரை எண் எழுதி, தேதியும் போடுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். மூன்றாவது ரீட் கைக்கு வரும்போதே எது எது என்று மறந்துவிடும்.

பிறகு ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நுனிப் பக்கம் வெளிச்சம் ஊடுருவும், நடுவில் கவிழ்த்த ‘வி’ போல ஒரு நிழல் தெரியும். அந்த நிழல் இரு பக்கமும் ஒத்த வடிவில் இருந்தால் நல்ல அறிகுறி. ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், தூக்கிப் போட வேண்டாம். நார்கள் நுனிவரை நேராக ஓடுகின்றனவா என்று பாருங்கள். நிறம் பொன்னிறமாக இருக்கலாம், பட்டையில் பழுப்புப் புள்ளிகள் இருக்கலாம், அதனால் குறைவில்லை. பச்சை சாயல் தெரிந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். நாணல் முற்றவில்லை என்பதன் அடையாளம் அது. அப்படிப்பட்ட ரீட் தண்ணீரை அதிகம் குடித்துச் சீக்கிரம் தொய்யும்.

கண் சொல்வது பாதிதான் உண்மையாகும். அழகான நிழல் காட்டிய ரீட் வாயில் வைத்ததும் ஏமாற்றியதுண்டு, கோணலாகத் தெரிந்தது கச்சேரிவரை போனதும் உண்டு.

நனைப்பதும் மாட்டுவதும்

டம்ளர் தண்ணீரில் ஒரு நிமிடம் போதும், அல்லது வாயில் வைத்து இரண்டு நிமிடம். பத்து நிமிடம் ஊறப்போடுவது தவறு. நுனி அலை அலையாகச் சுருங்கியிருந்தால் பயப்பட வேண்டாம், ஈரம் சமமாகப் பரவியதும் நிமிர்ந்துவிடும். அவசரமென்றால் கண்ணாடித் துண்டின் மேல் நுனியை வைத்துப் பெருவிரலால் மெதுவாக அழுத்துங்கள்.

மவுத்பீஸில் வைக்கும்போது ரீடின் நுனியும் மவுத்பீஸின் நுனியும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ரீட் ஒரு மயிரிழை மேலே போனால் விறைப்பு கூடியது மாதிரியும், கீழே இறங்கினால் மென்மையானது மாதிரியும் தெரியும். பத்து ரீடையும் பத்து உயரத்தில் மாட்டிவிட்டு, ஒன்று கடினம் ஒன்று மென்மை என்று எழுதி வைத்தால் நீங்கள் ஒப்பிட்டது ரீடை அல்ல, மாட்டிய விதத்தை. ரீடை மவுத்பீஸோடு பிடித்து வைக்கும் வளையமான லிகேச்சரின் திருகுகளையும் எல்லா ரீடுக்கும் ஒரே அளவு முறுக்குங்கள். விரல் நுனியால் தானாக நிற்கும் வரை போதும், இறுக்கினால் ரீட் மூச்சுவிடாது.

மாட்டியதும் ஒரு சின்னச் சோதனை. மவுத்பீஸை மட்டும் கையில் எடுத்து, கீழ்த் துளையை உள்ளங்கையால் அடைத்து, மேலிருந்து காற்றை உறிஞ்சி வாயை எடுங்கள். ரீட் ஒட்டிக்கொண்டு ஒன்றிரண்டு விநாடி நின்று, ‘டப்’ என்று விடுபட வேண்டும். உடனே விட்டுவிட்டால் எங்கோ காற்று கசிகிறது. பல நேரம் ரீட் கோணலாக உட்கார்ந்திருக்கும். சரியாக மாட்டியும் கசிந்தால் ரீடின் தட்டையான அடிப்பக்கம் வளைந்திருக்கலாம். அதைப் பின்னால் பார்க்கலாம்.

முதல் மூன்று சுற்று: தீர்ப்பு வேண்டாம்

முதல் நாள் ஒரு ரீடுக்கு இரண்டு, மூன்று நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். கீழ் ஸ்தாயியிலும் நடுவிலும் மட்டும், மிதமான சத்தத்தில், நீண்ட சுரங்களாக வாசியுங்கள். உச்ச சுரங்களை முயல வேண்டாம். புது நாணலில் நுண்ணிய குழாய்கள் திறந்து கிடக்கின்றன. முதல் சில தடவை நனைந்து காயும்போது அது வீங்கும், சுருங்கும், பிறகுதான் ஒரு நிலைக்கு வரும். அதற்குள் விரட்டினால் ஆயுள் குறையும்.

ஒரே அமர்வில் ஐந்து ரீடுக்கு மேல் எடுக்காதீர்கள். ஆறாவது வரும்போது உதடு களைத்துவிடும், பிறகு எல்லாமே கடினம் என்றுதான் தோன்றும். இன்று ஐந்து, நாளை ஐந்து. பத்தும் முடிந்தால் ஒரு சுற்று.

வாசித்து முடித்ததும் விரலால் எச்சிலைத் துடைத்து, கண்ணாடியின் மேல் தட்டைப் பக்கம் படும்படி வைத்து, கால் மணி நேரம் காற்றாட விடுங்கள். அதன்பின் ரீட் பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் நம் ஊர் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். பூஞ்சணம் பிடித்த ரீடைக் கழுவி வாயில் வைக்க வேண்டாம், குப்பையில் போடுங்கள்.

நோட்டில் ஒரு வரி போதும். ‘4: காற்றுச் சத்தம், பாரம்.’ ‘7: பளிச், கொஞ்சம் மெல்லிசு.’ அடுத்தடுத்த சுற்றில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம், அப்புறம் எட்டு. முதல் நாள் ‘பாரம்’ என்று எழுதியவற்றில் சில மூன்றாம் சுற்றில் இளகி வரும். முதல் நாளே ‘அருமை’ என்று எழுதியவை பல நேரம் அதற்குப் பின் மென்மையாகிக்கொண்டே போகும். என் ஏழு ரீடுகளுக்கு நடந்ததும் இதுதான். புதிதாக இருக்கும்போது சற்றே எதிர்ப்புக் காட்டும் ரீடைத்தான் நான் இப்போது அதிகம் நம்புகிறேன்.

நான்காம் சுற்று: உண்மையான ஒப்பீடு

இப்போதுதான் ரீடுகளை எதிரெதிரே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு ரீடிலும் அதே சுரங்கள், அதே வரிசை, அதே வேகம். மனதுக்குப் பிடித்த பாட்டை வாசிக்க ஆசை வரும். பாட்டில் இறங்கினால் ரீடைக் கவனிக்க மறந்துவிடுவோம், அதனால் அதைக் கடைசிக்கு வையுங்கள்.

நான் முதலில் பார்ப்பது மெளனத்திலிருந்து சத்தம் எப்படிப் பிறக்கிறது என்பதை. விரல் எதுவும் மூடாத ‘ஓப்பன் ஜி’ சுரத்தில் நாக்கைப் பயன்படுத்தாமல் வெறும் மூச்சால் மெதுவாகத் தொடங்குங்கள். நல்ல ரீடில் சுரம் எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் விரியும். காற்று மட்டும் உஸ்ஸென்று வந்துவிட்டுத் திடீரென்று சத்தம் குதித்தால் ரீட் உங்களுக்குக் கடினம். நன்றாகத் தொடங்கி, சத்தத்தைக் கூட்டும்போது நெரிந்து அடைத்துக்கொண்டால் மென்மை.

அடுத்தது கீழ் ஈ-யிலிருந்து, இடது பெருவிரலுக்கு எட்டும் ரெஜிஸ்டர் சாவியை மட்டும் தொட்டு மேலே தாவுவது. அதே விரல்கள், சத்தம் பன்னிரண்டாவது சுரத்துக்கு ஏறும். ஈ, எஃப், ஜி என்று ஒவ்வொன்றாக ஏறிப் பாருங்கள். தயங்காமல் ஏறுகிறதா, நடுவில் கரகரப்பு வருகிறதா? பிறகு தொண்டைச் சுரங்கள் என்று சொல்லும் ஏ, பி ஃபிளாட் இரண்டிலிருந்தும் அடுத்த பி-க்குக் கடந்து போங்கள். கற்பவர்கள் எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான். நல்ல ரீட் இருந்தால் பாதித் தடுமாற்றம் போய்விடும். விரலைக் குறை சொல்லிக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், ரீடை மாற்றியதும் அந்த இடத்தை இழுக்காமல் கடந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

நாக்குக்கு ஒரு சோதனை. தாளம் தட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 80 வைத்து, நடு சி சுரத்தில் ஒரு தட்டுக்கு நான்கு முறை நாக்கால் ரீடைத் தொடுங்கள். நாக்கு தொடும் ஒவ்வொரு முறையும் சத்தம் தெளிவாக வருகிறதா, ஈரத் துணியில் அடித்த மாதிரி மொத்தையாக வருகிறதா என்று கேளுங்கள். கடைசியாக மேல் சி-யை மிக மெதுவாக எடுத்து எட்டு எண்ணிக்கை பிடியுங்கள். சுருதி கீழே தொங்கினால் ரீட் மென்மை. டியூனர் ஆப் இருந்தால் முள்ளைப் பார்க்காமல் முதலில் ஊதி, நிலைத்த பிறகு பாருங்கள். முள்ளைப் பார்த்துக்கொண்டே ஊதினால் உதடு தானாகச் சரிசெய்துவிடும்.

கர்நாடக இசை வாசிப்பவர்கள் இவற்றோடு ஒரு ஜாரு, ஒரு ஆழமான கமகம் சேர்த்துக்கொள்ளுங்கள். தோடியின் காந்தாரத்தை அசைத்துப் பாருங்கள். மென்மையான ரீட் வளைந்து கொடுக்கும், ஆனால் வளைந்த சுரம் பழைய இடத்துக்குத் திரும்பி வந்து நிற்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். விறைப்பான ரீட் நிலையாக நிற்கும், அசைவு கொடுக்க உதடு உழைக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் இடம் எது என்பது உங்கள் பாணியைப் பொறுத்தது.

இரு பக்கமும் சமமா?

ரீடின் இடது வலது பக்கங்கள் சமமாக அதிர்கின்றனவா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஓப்பன் ஜி ஊதிக்கொண்டே கிளாரினெட்டை ஒரு பக்கம் லேசாகத் திருப்புங்கள். அப்போது கீழுதடு ரீடின் ஒரு விளிம்பை அழுத்தி நிறுத்திவிடும், மறு விளிம்பு மட்டும் அதிரும். பிறகு எதிர்ப் பக்கம் திருப்புங்கள். ஒரு பக்கம் தெளிவாகவும் மறு பக்கம் மூச்சடைத்தது போலவும் இருந்தால், சத்தம் அடைபட்டபோது எந்த விளிம்பு அதிர்ந்துகொண்டிருந்ததோ அது விறைப்பு.

புதியவர் உடனே கத்தியையோ உப்புத்தாளையோ எடுக்க வேண்டாம். லிகேச்சரைத் தளர்த்தி ரீடை ஒரு மயிரிழை இடமோ வலமோ நகர்த்திப் பாருங்கள். இரண்டில் ஒன்று பெரும்பாலும் பலன் தரும். எந்தப் பக்கம் நகர்த்தினால் நன்றாக இருந்தது என்று அந்த ரீடின் எண்ணுக்கு எதிரே அம்புக்குறி போட்டு வையுங்கள்.

அடிப்பக்கம் வளைந்த ரீடுக்கு மட்டும் ஒரு சிறு வேலை செய்யலாம். வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் வைத்திருக்கும் 600 நம்பர் வாட்டர் பேப்பரைக் கண்ணாடியின் மேல் விரித்து, காய்ந்த ரீடின் தட்டைப் பக்கத்தை நான்கைந்து தடவை மெதுவாகத் தேயுங்கள். நுனி தாளில் படக் கூடாது. தேய்ந்த இடம் வெளுப்பாகவும் படாத இடம் பழையபடியும் தெரியும், பள்ளம் எங்கே என்று புரிந்துவிடும். நாற்பது தடவை தேய்த்தால் ரீடே போய்விடும்.

அடுத்தவர் காது

வாசிப்பவருக்குச் சத்தம் பல்லின் வழியாகவும் எலும்பின் வழியாகவும் போகிறது. அதனால் நமக்குக் கேட்பதும் எதிரே இருப்பவருக்குக் கேட்பதும் வேறு. எனக்கு இரைச்சலாகத் தெரிந்த ரீட் பத்தடி தூரத்தில் ஒளியோடு கேட்டதுண்டு. வீட்டில் யாரையாவது முதுகைத் திருப்பி உட்காரச் சொல்லி, எண்ணைச் சொல்லாமல் வாசியுங்கள். இசை தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை, ‘முன்னாடி ஊதினதுதான் நல்லா இருந்துச்சு’ என்று சொன்னால் போதும். யாரும் இல்லையென்றால் கைபேசியை அறையின் மறுகோடியில் வைத்துப் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்டால் வாயில் இருந்த உணர்வு காதை ஏமாற்றும்.

வானிலையையும் நோட்டில் எழுதுங்கள். ஐப்பசி மழையில் ஒப்பிட்ட முடிவு சித்திரை வெயிலில் அப்படியே இருக்காது. ஏசி அரங்கில் காற்று வறண்டிருக்கும், இரண்டு உருப்படிகளுக்கு நடுவே நுனி காய்ந்து சுருங்கும். கச்சேரிக்கு வைக்கும் ரீடை முடிந்தால் அந்த மாதிரி அறையில் ஒரு தடவையாவது ஊதிப் பார்த்துவிடுங்கள்.

ஒரு வாரம் முடிந்ததும்

சரி, இப்போது பத்தும் தாமாகப் பிரிந்திருக்கும். என் அனுபவத்தில் இரண்டோ மூன்றோ மேடைக்குத் தகுதியானவை, நான்கைந்து தினசரிப் பயிற்சிக்கு, மீதி இன்னும் தெளிவில்லாதவை. தெளிவில்லாதவற்றை ஒரு உறையில் போட்டுத் தேதி எழுதி இரண்டு மாதம் மறந்துவிடுங்கள். பருவம் மாறியதும் எடுத்து மறுபடி ஊதுங்கள்.

நல்லதாகத் தேறிய ஒன்றை மட்டும் தினமும் வாசித்துத் தீர்த்துவிடாதீர்கள். நான்கை வைத்துக்கொண்டு நாளுக்கு ஒன்றாகச் சுழற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் காய்ந்து ஆற நேரம் கிடைக்கும், உங்கள் உதடும் ஒரே ரீடின் குணத்துக்கு அடிமையாகாது. ஒன்று ஓய்ந்துபோகும்போது அந்த இடத்துக்கு உறையிலிருந்து ஒன்றைக் கொண்டு வாருங்கள். ரீடை மட்டும் யாரோடும் பகிர வேண்டாம், உயிர் நண்பர் கேட்டாலும் புதியது ஒன்றைப் பிரித்துக் கொடுங்கள்.

ரீட் ஓய்ந்துவிட்டது என்பதை மேல் சுரங்கள் முதலில் சொல்லும். சுருதி இறங்கும், சத்தம் தட்டையாகும், நுனியில் கருமை படியும். அப்போது நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே முடிந்த தேதியை எழுதுங்கள். இரண்டு மூன்று பெட்டிகள் இப்படித் தீர்ந்த பிறகு, உங்கள் கையில் ஒரு ரீட் எத்தனை நாள் தாங்குகிறது, எந்த வகை, எந்த நம்பர் உங்கள் மவுத்பீஸுக்குப் பொருந்துகிறது என்பதெல்லாம் அந்த நோட்டிலேயே இருக்கும். அடுத்த பெட்டி வாங்கக் கடைக்குப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.